கடைமடை வாத்தியார் பதில்கள்

கேள்வி: மேகாங் ஆற்றில் சீனா கட்டியிருப்பவை மின்சார அணைகள்தானே? சக்கரத்தைச் சுற்றிவிட்ட தண்ணீர் கீழே போய்த்தான் ஆகவேண்டும். கம்போடியாவும் வியட்நாமும் ஏன் புலம்புகின்றன? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: தண்ணீருக்கு அதிகம் காத்திருக்க வேண்டாத தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் இருக்கிற நீங்கள் இப்படித்தான் கேட்பீர்கள். எனக்கு இரண்டரை ஏக்கர், கீழ்பவானிக் கிளை வாய்க்காலின் கடைமடையில். புஞ்சைப் போகத்துக்குத் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும், நனைப்பு என்போம். ஒரு வருசம் மூன்றாம் நனைப்பு எங்கள் மடைக்குப் பதினோரு நாள் பிந்தியது. நிலக்கடலையில் விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற சமயம். மண் இறுகிக் கிடந்ததால் விழுது உள்ளே போகாமல் மேலேயே கருகிப்போனது. செடியைப் பிடுங்கினால் நாலு காய், அதிலும் இரண்டு பொக்கு. போகம் முடிந்து கூட்டிப் பார்த்தால் வந்த தண்ணீரில் குறைவே இல்லை!

மேகாங்கிலும் சங்கதி இதுதான். கம்போடியாவில் தோன்லே சாப் என்று ஒரு பெரிய ஏரி. அதிலிருந்து கிளம்பும் ஆறு மேகாங்கில் கலக்கிறது. மழைக்காலத்தில் மேகாங் பொங்கினால் இந்த ஆறு திசை திரும்பி, ஏரியை நோக்கி ஓடும். ஏரி நாலைந்து மடங்கு விரிந்து, கரையோரக் காடு மூழ்கி, அதற்குள் மீன்குஞ்சு வளரும். அந்த நாட்டுக்காரர் தட்டில் விழும் மீனில் பெரும்பங்கு அங்கிருந்துதான். மேகாங்கைச் சீனாவில் லான்சாங் என்பார்கள். அங்கே 292 மீட்டர் உயர சியாவான், 261 மீட்டர் உயர நுவோசாடு என்ற இரண்டு அணைகளும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் விடுகின்றன. கோடையில் தண்ணீர் கூடினால் நல்லதுதானே என்பீர்கள். வயலுக்குச் சரி. ஏரிக்கு மழைக்கால வெள்ளம் வேண்டுமே.

வண்டலும் அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. வியட்நாம் கழிமுகத்தில் கரை அரிக்கிறது, உப்புத் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. போதாக்குறைக்கு ஆற்று மணலையும் அள்ளுகிறார்கள் (நமக்குப் பழகிய கதை). பழியை முழுக்கச் சீனா தலையில் போடவும் முடியாது. லாவோஸ் கட்டிய சாயாபுரி அணை 2019இல் ஓட ஆரம்பித்தது. அதன் மின்சாரம் பெரும்பாலும் தாய்லாந்துக்குப் போகிறது.

கேள்வி: நைல் ஆற்று அணைத் தகராறில் நியாயம் எகிப்து பக்கமா, எத்தியோப்பியா பக்கமா? (வாசகி, காங்கேயம்)

பதில்: அம்மணி, வம்பில் மாட்டிவிடுகிறீர்கள். எகிப்து பழைய ஆயக்கட்டு. நம் காலிங்கராயன் பாசனம் எழுநூறு வருசத்துக்கு மேற்பட்டது, அதற்கு மேலே பவானிசாகர் அணை வந்ததோ 1955இல். மேலே புதிதாக அணை வந்தால் கீழே இருக்கிற பழைய பாத்தியதைக்காரருக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் எகிப்தும் சூடானும் போட்டுக்கொண்ட 1959 ஒப்பந்தத்தைப் பாருங்கள். எகிப்துக்கு வருசம் 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. நைலுக்குப் பெரும்பகுதித் தண்ணீரைத் தரும் எத்தியோப்பியாவுக்குப் பங்கும் இல்லை, பந்தியில் இலையும் இல்லை.

எத்தியோப்பியர்கள் 2011இல் நைலின் கிளையாறான நீல நைலில் அணை கட்டத் தொடங்கி, 2025 செப்டம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர், அதாவது ஏறக்குறைய எண்பது பவானிசாகர்! கட்டியது தப்பில்லை என்பது என் கட்சி. அடுத்தடுத்து இரண்டு மூன்று வருசம் மழை பொய்த்தால் எவ்வளவு திறப்போம் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே, அதுதான் தப்பு.

கேள்வி: ஒப்பந்தம் போட்டுவிட்டால் சண்டை தீராதா? (வாசகர், உடுமலை)

பதில்: பி.ஏ.பி. (பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்) தண்ணீரில் விவசாயம் பார்க்கிற ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? கேரளத்துடன் 1970இல் கையெழுத்தானது. எல்லையோர மணக்கடவில் நாம் கேரளத்துக்கு வருசம் 7.25 டி.எம்.சி. கொடுக்க வேண்டும். இன்றைக்கும் அதில் முணுமுணுப்பு உண்டு, ஆனால் பேச ஓர் எண் இருக்கிறது. மேகாங்கில் நாலு நாடுகள் சேர்ந்து 1995இல் ஆணையம் வைத்தன. சீனா அதில் உறுப்பினர் இல்லை. வெள்ளக் காலத்து நீர்மட்டத்தை மட்டும் சொல்லி வந்த சீனா, 2020இல்தான் வருசம் முழுக்கச் சொல்ல ஒப்புக்கொண்டது. அதுவே பெரிய விசயம். மேல்மடையில் இருக்கும் என் மச்சினன் போன் போட்டு, “மாமா, தண்ணி எங்க பாலத்தைத் தாண்டிருச்சுங்க” என்று சொன்ன பிறகுதான் நான் மண்வெட்டியை எடுக்கிறேன்.