சவ்வு விறைத்திருந்தால் குழி விழுமா?

அன்புள்ள ஐயா,

'பிரி' என்று சேதி சொல்லும் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும், மேற்பரப்பில் அந்தச் சேதியைக் கேட்கும் தன் ஏற்பியையே செல் உள்ளே இழுத்துக்கொள்ளும், அதற்கு ஆக்டின் என்ற புரதம் உதவும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பாடத்தில் கிளாத்ரின் என்றுதான் இருக்கிறது. ஆக்டின் என்றாலே எங்களுக்குத் தசைதான் ஞாபகம் வரும். எது சரி? சேதி கேட்கிற காதையே செல் ஏன் விழுங்க வேண்டும்? எங்கள் கல்லூரி மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்க்க முடியுமா?

ம., பாலக்கோடு

அன்புள்ள ம.,

உங்கள் பாடமும் சரி, நான் எழுதியதும் சரி. ஒகேனக்கல் பரிசலைக் கவிழ்த்துப் போட்டிருக்கும்போது பார்த்திருப்பீர்கள், மூங்கில் பிளாச்சுகள் ஒன்றோடொன்று பின்னி வளைந்திருக்கும். கிளாத்ரின் செய்வது அந்த வேலை. மூன்று கால் கொண்ட அந்தப் புரதங்கள் செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் உள்பக்கம் கோத்துக்கொண்டு, சுமார் 100 நானோமீட்டர் அகலத்தில் ஒரு கூடை பின்னுகின்றன. ஏற்பிகள் அதற்குள் சேர்கின்றன.

ஆனால் கூடை மட்டும் போதுமா என்பது சவ்வின் விறைப்பைப் பொறுத்தது. ராயக்கோட்டை தக்காளி மண்டியில் ஒருமுறை மழைக்கு ஒதுங்கி நின்றேன். ஒரு கடையில் தளர்வாகக் கட்டியிருந்த தார்ப்பாயில் தண்ணீர் தானாகவே குழி விழுந்து தொப்பையாகத் தொங்கியது, பக்கத்துக் கடையில் நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்ததில் அத்தனை மழையும் வழிந்தே போனது. செல்லிலும் இதேதான். சவ்வு தளர்வாக இருந்தால் கிளாத்ரின் கூடையே அதைக் குழித்துவிடும். செல் இழுபட்டோ நீரேறி உப்பியோ இருந்தால் ஆக்டின் இல்லாமல் குழி பாதியில் நின்றுவிடும் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஈஸ்ட்டில் உள்ளழுத்தம் மிக அதிகம், அங்கே ஆக்டின் இல்லாமல் காரியம் நடக்கவே நடக்காது.

தசையில் ஆக்டின் இழையை மயோசின் என்ற புரதம் பிடித்து இழுக்கும். இங்கே இழை வளர்வதே விசை. ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டு, இருக்கிற இழையின் பக்கவாட்டில் ஏறக்குறைய 70 டிகிரி சாய்வில் புதுக்கிளையைத் தொடங்கி வைக்கும், அதன் நுனியில் ஆக்டின் மணிகள் ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, கிளைத்த புதர் போன்ற அந்த வலை குழியை உள்ளே தள்ளிக் கழுத்தை நீட்டும். அப்புறம் டைனமின் என்ற புரதம் கழுத்தைச் சுற்றி இறுக்கி அறுக்கும். வளர்ச்சிக் காரணி ஏராளமாக வந்து கொட்டினால் சில செல்களின் மேற்பரப்பில் ஆக்டின் வட்ட மடிப்புகளாக எழுந்து, கிளாத்ரின் இல்லாமலேயே ஏற்பிகளைக் கூட்டமாக வாரி உள்ளே கொண்டுபோவதும் உண்டு.

காதை ஏன் விழுங்க வேண்டும்? உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'பிரி' என்ற சேதி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் செல் பிரிந்துகொண்டே இருக்கும், புற்றுநோய்க்கு அது ஒரு வாசல். 1976இலேயே கார்பென்டர், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் கதிரியக்க அயோடின் ஏற்றிய இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியை மனிதத் தோல் செல்களுக்குக் கொடுத்து, அது உள்ளே போய்ச் சிதைவதைக் கண்டார்கள். ஆனால் உள்ளே போன உடனே ஏற்பி வாயடைத்துப் போவதில்லை. அதன் வால் இன்னும் செல்லின் திரவத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், என்டோசோம் என்ற உள்பையில் இருந்தபடியே சேதி சொல்லும். பிறகு சில ஏற்பிகள் மேற்பரப்புக்கே திரும்பும், யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்பட்டவை செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய்ச் செரிக்கப்படும். எவ்வளவு நேரம் கேட்பது என்பதைச் செல் இந்தப் பாதையில்தான் முடிவு செய்கிறது, அதனால்தான் வெறும் கழிவகற்றல் என்று இதைப் பாடத்தில் ஒரு வரியில் முடிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல்லூரி மைக்ராஸ்கோப்பில் தெரியாது. சாதாரண ஒளி நுண்ணோக்கியின் எல்லை சுமார் 200 நானோமீட்டர், குழி அதில் பாதிதான். ஒளிரும் புரதம் ஒட்டினால் ஒரு புள்ளியாகத் தெரியும். உயிருள்ள செல்லில் 2002இல் அப்படிப் பார்த்திருக்கிறார்கள்: கிளாத்ரின் புள்ளி ஒரே இடத்தில் அசையாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கும், அது உள்ளே நகரத் தொடங்கும் நேரத்தில் அதே இடத்தில் ஆக்டின் பளிச்சென்று கூடும், சில நொடிகளில் மங்கிவிடும்.