விளையாடுகிற பிள்ளைகளும் சாப்பாடும்: ஒரு விளையாட்டு மருத்துவரின் பதில்கள்

என் மகளுக்கு 16 வயது. 3000 மீட்டர் ஓடுகிறாள். எடை குறைந்தால் இன்னும் வேகமாக ஓடலாம் என்று கோச் சொன்னதிலிருந்து இரவில் சாப்பிடுவதே இல்லை. ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ஓடுகிற பிள்ளைகளுக்கு அது சகஜம் என்கிறார்கள். அப்படியா டாக்டர்? (திண்டுக்கல்)

பல பிள்ளைகளுக்கு நடக்கிறது என்பது உண்மை. அதனால் அது சரியென்று ஆகிவிடாது அம்மா. ஓடச் செலவானது போக மிச்சமிருக்கும் சக்தி போதாதபோது, உடல் அவசரமில்லாத வேலைகளை நிறுத்திவைக்கிறது. மாதவிலக்கு நிற்பது அதனால்தான். கூடவே ஈஸ்ட்ரோஜனும் குறையும். எலும்புக்குக் காவலே அந்த ஹார்மோன்தான். பெண்களின் எலும்பு வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். இப்போது சேராததைப் பிறகு முழுதாக ஈடுகட்ட முடியாது. ஓடும்போது கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பு வலிக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். எலும்பில் மெல்லிய கீறல் விழுந்தால் அப்படித்தான் வலிக்கும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்தச் சக்திப் பற்றாக்குறைக்குத் தனிப் பெயர் வைத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்தது. மூன்று மாதம் தவறினாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த வாரமே போங்கள். வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்றும் அவர் பார்ப்பார். மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைப்பதோடு நின்றுவிட வேண்டாம், எலும்பைக் காப்பாற்ற அது போதாது. பயிற்சி முடிந்ததும் முட்டையோ சுண்டலோ, ஒரு டம்ளர் பால். இரவில் வயிறாரச் சோறு. எடை என்ற பேச்சையே அவளிடம் எடுக்காதீர்கள், கோச்சிடம் நீங்கள் பேசுங்கள். சாப்பிடவே பயப்படுகிறாள் என்று தெரிந்தால் மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளால் மறுபடி நன்றாக ஓட முடியும். இப்போது கவனித்தால் போதும்.

தம்பி குத்துச்சண்டை வீரன். போட்டிக்கு எடை பார்ப்பதற்கு முந்தின நாள் தண்ணீரே குடிக்காமல், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிறான். (வேலூர்)

தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். 1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி வியர்த்து எடை குறைக்கும்போதே இறந்தார்கள். நீர் வற்றினால் ரத்தம் குறையும், உடல் சூடு ஏறும், சிறுநீரகமும் இதயமும் திணறும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் இரவெல்லாம் பாடுபட்டும் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியை இழந்ததை நாமெல்லாம் பார்த்தோம். அவ்வளவு தேர்ந்தவருக்கே அந்தக் கதி. தம்பிக்கு ஏற்றது ஒரு படி மேலேயுள்ள எடைப் பிரிவாக இருக்கலாம்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் பரோட்டா தின்னும் போட்டி. எப்போதாவது ஒருநாள் என்றால் என்ன கெடுதல்? (விருதுநகர்)

முதல் பயம், மூச்சுக்குழாய் அடைப்பு. 2024 ஓணத்தின்போது பாலக்காட்டுப் பக்கம் இட்லிப் போட்டியில் ஒருவர் தொண்டை அடைத்தே இறந்துபோனார். மென்மையான இட்லிக்கே அப்படியென்றால், பரோட்டாவை மெல்லாமல் விழுங்குவதை யோசித்துப் பாருங்கள்.

இதையே தொழிலாகச் செய்பவர்களின் கதை வேறு. 2007-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் அப்படி ஒருவரைப் படமெடுத்துப் பார்த்தார்கள். அவர் இரைப்பை சுருங்கி உணவைத் தள்ளாமல், தொளதொள பையாக விரிந்துகொண்டே போனது. வயிறு நிறைந்த உணர்வே அவருக்கு வரவில்லை. பிற்காலத்தில் அந்தப் பை வேலை செய்வதையே நிறுத்திவிடலாம் என்று அவர்கள் அஞ்சினார்கள். 2001-ல் ஐம்பது ஹாட்டாக் தின்று சாதனை படைத்த ஜப்பானியர் கோபயாஷி, தனக்குப் பசியே தெரிவதில்லை என்று 2024-ல் சொன்னார். பசி போன பிறகு எவ்வளவு பரிசுப் பணம் வந்து என்ன? ஊர்ப் போட்டிக்குக் கயிறு இழுத்தல் வையுங்களேன்.

மாரத்தான் ஓடினால் ஆயுள் குறையுமா? (கோவை)

இல்லை. பிரான்ஸின் சைக்கிள் பந்தய வீரர்களும் பின்லாந்தின் நெடுந்தூர வீரர்களும் அவரவர் நாட்டுச் சராசரி ஆண்களைவிட அதிகம் வாழ்ந்திருக்கிறார்கள். பல வருடம் கடுமையாக ஓடியவர்களுக்கு இதயத் துடிப்புச் சீர்கேடு சற்றுக் கூடுதலாக வருகிறது. படபடப்போ தலைசுற்றலோ இருந்தால் ஈசிஜி எடுங்கள்.

பளு தூக்கினேன், 34 வயதில் விட்டுவிட்டேன். சாப்பாடு மட்டும் குறையவில்லை. (தஞ்சாவூர்)

ஜப்பானின் சுமோ வீரர்களுக்கு நடப்பது இதுதான். பயிற்சி இருக்கும்வரை கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில் தங்குகிறது. பயிற்சி நின்றதும் அதே சாப்பாடு குடலைச் சுற்றிச் சேர்ந்து, சர்க்கரை நோயைக் கொண்டுவருகிறது. சோற்றை இப்போதே பாதியாக்குங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், தினம் ஒரு மணி நேரம் நடங்கள். அப்புறம் இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரை அளவையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.