கணினிக் கேள்வி-பதில்: கிளஸ்டர்டு இண்டெக்ஸை இடம் மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தில் உள்ள பில் டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் அடையாளம்), நியூஐடி ஃபங்ஷன் தரும் 16 பைட் ஜியூஐடி (தாறுமாறாக உருவாகும் தனித்த அடையாள எண்). டேபிளின் வரிசைகளையே ஒழுங்காக அடுக்கிவைக்கும் கிளஸ்டர்டு இண்டெக்ஸும் அதன்மீதே அமைந்திருக்கிறது. அறிக்கைகள் எல்லாம் தேதிவாரியாகவே எடுக்கப்படுவதால், அதைப் பில் தேதிக்கு மாற்ற விரும்புகிறேன். பழையதை நீக்கிப் புதியதை உருவாக்கும் இரண்டு வரி ஸ்கிரிப்ட் போதாதா?

பதில்: சிறிய டேபிளுக்குப் போதும், பெரிய டேபிள் என்றால் அந்த இரண்டு வரிகளே இரவு முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். கிளஸ்டர்டு இண்டெக்ஸின் கடைசி அடுக்கில் இருப்பவை டேபிளின் வரிசைகளேதான். டேபிளுக்கு வெளியே தனியே இருக்கும் ஒவ்வொரு நான்கிளஸ்டர்டு இண்டெக்ஸும் அந்த வரிசைகளைக் கண்டடைவதற்காக கிளஸ்டர்டு கீயை, அதாவது கிளஸ்டர்டு இண்டெக்ஸ் அமைந்த மதிப்பை, தன்னுள் சுமந்து நிற்கிறது. ஆகவே பழையதை நீக்கியதும் டேபிள் ஹீப்பாக (கிளஸ்டர்டு இண்டெக்ஸ் இல்லாத டேபிளாக) மாறி, நான்கிளஸ்டர்டு இண்டெக்ஸ்கள் அனைத்தும் ஒருமுறை திரும்பக் கட்டப்படும். புதியதை உருவாக்கும்போது அவையே மறுபடியும் கட்டப்படும். இந்த இரட்டை வேலையைத் தவிர்க்க ‘டிராப்_எக்ஸிஸ்டிங் = ஆன்’ என்ற வசதி உண்டு. ஆனால் பிரைமரி கீயைத் தாங்கும் இண்டெக்ஸின் கீயை மாற்ற அது இடம் தராது என்பதால், உங்களுக்குப் பயன்படாது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில், இந்த டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீக்களை (மற்ற டேபிள்களை இதனுடன் இணைக்கும் உறவுகளை) சிஸ்.ஃபாரின்_கீஸ் வியூவிலிருந்து எடுத்து, அவற்றைத் திரும்ப உருவாக்கும் வரிகளைத் தனியே சேமித்துவைத்த பிறகே நீக்குங்கள். யூனிக் அல்லாத நான்கிளஸ்டர்டு இண்டெக்ஸ்களை ‘ஆல்டர் இண்டெக்ஸ் … டிஸேபிள்’ கொண்டு முடக்குங்கள். கை தவறி கிளஸ்டர்டு இண்டெக்ஸையே முடக்கினால், அதை ரீபில்டு செய்யும்வரை (திரும்பக் கட்டும்வரை) டேபிளை யாராலும் படிக்க முடியாது. அடுத்து பிரைமரி கீயை நீக்கி, புதிய கிளஸ்டர்டு இண்டெக்ஸை உருவாக்கி, ஜியூஐடியை நான்கிளஸ்டர்டு பிரைமரி கீயாகச் சேர்த்து, முடக்கியவற்றை ரீபில்டு செய்யுங்கள். ஃபாரின் கீக்களை, ஏற்கெனவே உள்ள வரிசைகளையும் சரிபார்க்கும் ‘வித் செக்’ என்றே திரும்பச் சேருங்கள். அவசரத்தில் ‘நோசெக்’ போட்டால், அந்த உறவை, தேடும் வழியைத் தீர்மானிக்கும் ஆப்டிமைசர் பிறகு நம்பாது.

புதிய கீயாகத் தேதியை மட்டும் வைக்காதீர்கள். ஒரே நாளில் பல பில்கள் இருக்கும். கீ யூனிக்காக இல்லாவிட்டால், திரும்ப வரும் மதிப்புகளுக்கு சர்வர் தானே அவற்றைப் பிரித்தறிய 4 பைட் யூனிக்ஃபையர் என்ற எண்ணை ஒட்டிக்கொள்ளும். தேதியையும் பில் எண்ணையும் சேர்த்து யூனிக் கிளஸ்டர்டு இண்டெக்ஸாக அமைப்பதே என் பரிந்துரை. டேட் வகைக்கு 3 பைட், பிக்இன்ட் வகைக்கு 8 பைட் என மொத்தம் 11 பைட்தான். இப்போதுள்ள 16 பைட்டைவிடக் குறைவு என்பதால் மற்ற இண்டெக்ஸ்களும் இளைக்கும். தாறுமாறாக வரும் ஜியூஐடி, தரவு சேமிக்கப்படும் 8 கேபி அலகான பேஜ் நிரம்பியிருக்கும்போது அதன் நடுவே நுழைந்து, பாதி வரிசைகளை வேறு பேஜுக்குத் தள்ளும் தொல்லையும் டேபிளில் ஓயும். ஜியூஐடிக்கான நான்கிளஸ்டர்டு இண்டெக்ஸில் மட்டும் அது தொடரும்.

டேபிளின் அளவைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்கு காலி இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் அடைத்தால், அது முடியும்வரை மாற்றங்களைப் பதிவுசெய்யும் லாகைக் காலி செய்ய முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: கிளஸ்டர்டு இண்டெக்ஸே இல்லாத டேபிள்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அவை அனைத்துக்கும் ஒன்றை உருவாக்கிவிடலாமா?

பதில்: சிஸ்.இண்டெக்ஸஸ் வியூவில் டைப் = 0 என்று தேடினால் ஹீப்கள் வந்துவிடும். மொத்தமாக ஏற்றி, படித்து, உடனே காலி செய்யும் தற்காலிக டேபிள்களை அப்படியே விட்டுவிடலாம். அடிக்கடி அப்டேட் ஆகும் ஹீப் அப்படியன்று. நீண்டுபோன வரிசை பழைய பேஜில் இடம் போதாமல் வேறு பேஜுக்குப் போய், பழைய இடத்தில் முகவரியை மட்டும் விட்டுவைக்கும். அத்தகைய டேபிளுக்கு கிளஸ்டர்டு இண்டெக்ஸ் தேவை; அதுவரை ‘ஆல்டர் டேபிள் … ரீபில்டு’ கொண்டு சமாளிக்கலாம்.