நல்லூரடிக் கலர் ஐஸ்கிறீம் வெறும் சாயம்தானா?

"யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போனால் கோயிலடியில் எல்லோரும் கலர் கலராக ஒரு ஐஸ்கிறீம் சாப்பிடுகிறார்கள், வெறும் சாயத்துக்கு ஏன் இவ்வளவு சனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரிலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும், இங்கே வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள்.

சாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. உயரமான கண்ணாடிக் கிளாஸில் அடியில் ஜெலி, அதற்கு மேல் ரோஸ், மஞ்சள், பச்சை என்று ஐஸ்கிறீம், அப்புறம் பழத்துண்டு, கச்சான், பிளம்ஸ், மேலே குத்திவைத்த வேஃபர். அந்த வெயிலில் ஐந்து நிமிடத்தில் உருகி எல்லா நிறமும் அடியில் ஒன்றாகிவிடும், அதைக் கிளாஸோடு தூக்கிக் குடிப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நான் பிறந்தது 1988இல். 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய்விட்டது. 1995இல் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, அதற்கும் கனகாலம் கழித்துத்தான் எங்கள் வீட்டில் லைட் எரிந்தது. அதுவரை எனக்குக் குளிர்ந்த பொருள் என்றால் மண்பானைத் தண்ணீர்தான்.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தபின் லண்டனிலிருந்து பெரிய மாமா திருவிழாவுக்கு வந்தார். தேருக்குப் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்துவிட்டு அம்மம்மா சேலையெல்லாம் மண்ணோடு வந்து எங்களோடு ஐஸ்கிறீம் பாரில் இருந்தா. கிளாஸ்கள் வந்ததும் மாமா என் தம்பியின் கிளாஸை ஒதுக்கிவைத்துவிட்டு, "உது முழுக்கச் சாயம், பிள்ளையளுக்குக் குடாதை" என்று அம்மாவிடம் சொன்னார். காசு கொடுப்பவர் அவர், அம்மா பேசவில்லை. அம்மம்மாதான் கிளாஸைத் தம்பிக்கு முன்னால் இழுத்துவைத்து, "உந்தக் கலரைக் கேட்டுத்தான் நீயும் சின்னனிலை அழுதனி" என்றா. மாமா மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது 14 வயது, இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் என்ன செய்வது என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும். தினமும் சாப்பிடச் சொல்லவில்லை. வருடத்தில் 25 நாள் திருவிழா, அதில் ஒரு நாள். எந்தக் கடைக்கும் நான் விளம்பரம் செய்யவும் இல்லை.

சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன். பிள்ளைகளின் ஆரோக்கியத்தில் அவ்வளவு அக்கறைப்பட்ட மாமாவின் காணி எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பற்றை வளர்ந்து, மழைக்குத் தண்ணீர் தேங்கி, டெங்கு நுளம்பு பெருகி, சுகாதாரப் பரிசோதகர் வந்தால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். துப்புரவாக்கக் காசு கேட்டால் போன் எடுக்கமாட்டார். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் இந்த ஊரில் இப்படிப் பூட்டிய படலைகள் நிறைய இருக்கின்றன.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த முறை வந்தால் வனிலா மட்டும் கேட்காமல் ஸ்பெஷல் சொல்லுங்கள். தேரன்று போகாதீர்கள், நிற்கவும் இடம் இருக்காது. முதல் வாரத்தில், பின்னேரப் பூசை தொடங்க முன்னம் போனால் ஆறுதலாக இருந்து சாப்பிடலாம்.