ஆக்குபேஷனல் தெரபியில் டாக்டர் பட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இளநிலைப் பட்டத்தோடு ஐந்து வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய நோயாளிக்கு உதவும் சிகிச்சையாளராக) வேலை பார்க்கிறேன். ஓ.டி.டி. (டாக்டர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி), பி.எச்டி. இரண்டுமே டாக்டர் பட்டம்தானே, எதில் சேர்வது?

படித்து முடித்த பிறகு தினமும் என்ன வேலை செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பி.எச்டி. ஆராய்ச்சிப் பட்டம். ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, பல வருடம் தரவு சேர்த்து, ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் அதற்கு வாதாட வேண்டும். ஓ.டி.டி. அமெரிக்காவில் வளர்ந்த தொழிற்பட்டம். சிகிச்சை, சேவைத் திட்டம், தலைமைப் பொறுப்பு ஆகியவற்றுக்கு அதில் எடை அதிகம்.

ஓ.டி.டி.யிலேயே இரண்டு வகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, தெரபிஸ்ட் ஆவதற்கே படிக்கும் நுழைவு நிலைப் பட்டம். மற்றது, ஏற்கெனவே தெரபிஸ்டாக இருப்பவர்களுக்கான மேல்நிலைப் பட்டம். அமெரிக்காவில் இந்தப் படிப்புகளைச் சரிபார்க்கும் ஏ.சி.ஓ.டி.இ. அமைப்பு அங்கீகாரம் தருவது முதல் வகைக்குத்தான். வெளிநாட்டில் படித்தவர் அங்கே உரிமம் பெற நினைத்தால், தேர்வு நடத்தும் என்.பி.சி.ஓ.டி.யின் தகுதி மதிப்பீட்டைத் தாண்டியாக வேண்டும். அதன் விதிகளைப் படித்துவிட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். பணம் கட்டிய பிறகு படிப்பவர்கள்தான் அதிகம்!

கேள்வி: 2027க்குப் பிறகு டாக்டர் பட்டம் இல்லாமல் அமெரிக்காவில் தெரபிஸ்ட் ஆக முடியாது என்கிறார்களே?

பழைய செய்தி. அப்படியொரு அறிவிப்பு 2017இல் வந்தது, 2019இல் கைவிடப்பட்டது. முதுநிலை, முனைவர் இரண்டு வழியும் திறந்தே இருக்கின்றன, இரண்டு தரப்புக்கும் உரிமத் தேர்வு ஒன்றுதான்.

கேள்வி: நுழைவு நிலை ஓ.டி.டி.யில் வரும் கேப்ஸ்டோன் என்பது இன்னொரு களப்பயிற்சியா?

இல்லை. இரண்டாம் நிலைக் களப்பயிற்சி குறைந்தது 24 வாரம். அதையும் பாடங்களையும் முடித்த பிறகுதான் கேப்ஸ்டோன், அதாவது வழிகாட்டி ஒருவரின் கீழ் செய்யும் நிறைவுத் திட்டம், தொடங்கும். அது 14 வாரம், அதாவது 560 மணி நேரம். இதில் 20 சதவீதத்துக்கு மேல் வழிகாட்டி இருக்கும் இடத்துக்கு வெளியே கழிக்கக்கூடாது. 112 மணி நேரம்தான் கணக்கு. 'வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் இங்கே இடறுகிறார்கள். முன் அனுபவத்தைக் காட்டி நேரத்தைக் குறைக்கவும் முடியாது.

கேப்ஸ்டோனைக் கெடுப்பது பெரும்பாலும் அனுமதிதான். நோயாளிகளிடம் தரவு வாங்கும் திட்டமானால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒருபுறம், மருத்துவமனையின் குழு மறுபுறம் என இரண்டு வாசல் இருக்கலாம். 14 வாரத்துக்குள் இரண்டையும் வாங்கி வேலையும் முடிப்பது நடக்காத காரியம். இடத்தை உறுதிசெய்து, விண்ணப்பத்தை முந்தைய பருவத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 'பக்கவாதத்துக்குப் பின் கைச் செயல்பாடு' என்று பி.எச்டி. தலைப்பு கொடுத்தேன். 'ரொம்ப அகலம்' என்று நெறியாளர் திருப்பிவிட்டார். எப்படிச் சுருக்குவது?

அவர் செய்தது உங்களுக்கு உதவிதான். அது தலைப்பு இல்லை, ஒரு துறை. யார், என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து, எத்தனை வாரத்தில் என்ற ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிப் பாருங்கள். 'பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்கள், வாரம் மூன்று முறை சட்டை பட்டன் போடுவதையே பயிற்சியாகச் செய்தால், வழக்கமான கைப்பயிற்சியைவிட எட்டு வாரத்தில் உடுத்தும் வேகம் கூடுமா?' இது ஆய்வாகும்.

அடுத்தது ஆள் கணக்கு. இரண்டு குழுவை ஒப்பிட்டு, நடுத்தர அளவு வித்தியாசத்தை 80 சதவீத வலுவோடு (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) கண்டுபிடிக்க குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் பாதியில் விலகுவார் என்று வையுங்கள். பலரும் 64இல் 20 சதவீதத்தைக் கூட்டி 77 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 77 பேரில் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 62தான். 64ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்: குழுவுக்கு 80, மொத்தம் 160. இப்போது உங்கள் பிரிவின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மாதம் ஆறு பேர் தகுதியானவர்கள் வந்து, அதில் பாதிப்பேர் சம்மதித்தால், 160 பேரைச் சேர்க்க 54 மாதம் ஆகும். நாலரை வருடம் ஆள் சேர்ப்பதிலேயே போய்விடும்.

கணக்கு இப்படி வந்தால் 'சின்னதாக ஒரு ஒப்பீட்டு ஆய்வு' என்று இறங்காதீர்கள். முப்பது பேரை வைத்துக்கொண்டு 'வித்தியாசம் இல்லை' என்று முடித்தால், உண்மையிலேயே இல்லையா, ஆள் போதவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த மாதிரிக் கேள்விக்குத் தனிநபர் சோதனை வடிவமைப்பு நன்றாகப் பொருந்தும். மூன்று, நான்கு பேரை எடுத்து, சிகிச்சைக்கு முன் பல நாள் அளந்து, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நாளில் சிகிச்சையைத் தொடங்குவது. சிகிச்சைக்கு முன், சிகிச்சையின்போது என ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஐந்து அளவு வையுங்கள். சிகிச்சையை நிறுத்தி, பழைய நிலைக்குத் திரும்புகிறாரா என்று பார்க்கும் வகை இங்கே வேண்டாம். பட்டன் போடக் கற்றுக்கொண்ட விரல் நீங்கள் நிறுத்தச் சொன்னதும் மறந்துவிடாது.

சிகிச்சை கொடுப்பவரே அளக்கக்கூடாது. தன்னிடம் அக்கறை காட்டிய தெரபிஸ்டிடம் 'ஒன்றும் முன்னேற்றமில்லை' என்று சொல்ல எந்த நோயாளிக்கும் மனம் வராது.

கேள்வி: பிடிவலு மீட்டரில் ஒருவருக்கு முதலில் 18 கிலோ, ஆறு வாரம் கழித்து 23 கிலோ. ஆய்வேட்டில் 'முன்னேற்றம்' என்று எழுதலாமா?

முதலில் இரண்டு முறையும் ஒரே மாதிரி அளந்தீர்களா என்று பாருங்கள். கைப்பிடி இரண்டாவது நிலையில், தோள் உடலோடு ஒட்டி, முழங்கை 90 பாகை மடங்கி, முன்கை நடுநிலையில் இருக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி. முழங்கையை நாற்காலிக் கைமேல் ஊன்ற ஒருநாள் விட்டு, மறுநாள் விடாமல் அளந்தால் அந்த எண்களை ஒப்பிடவே முடியாது.

அடுத்து, அளவுப் பிழை. உங்கள் மாதிரியில் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவு) 8 கிலோ, மறு அளவீட்டு நம்பகத்தன்மை (திரும்ப அளந்தால் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது; முழுப் பொருத்தம் 1) 0.90 என்று வைத்துக்கொள்வோம். 1இலிருந்து 0.90ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 8ஆல் பெருக்கினால் அளவீட்டுத் திட்டப்பிழை சுமார் 2.5 கிலோ. அதை 1.96ஆலும் 2இன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால் 7 கிலோ வரும். ஒரு தனி நபரிடம் 7 கிலோவுக்குக் குறைவான மாற்றம் வெறும் அளவுப் பிழையாகவே இருக்கலாம். உங்கள் நோயாளிக்குக் கூடியது 5.

அவர் உண்மையிலேயே தேறியிருக்கலாம், ஆனால் இந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நோயாளியின் சொந்த மதிப்பீட்டைப் பதிவுசெய்யும் சி.ஓ.பி.எம். என்ற நேர்காணல் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனக்கு முக்கியமான ஐந்து வேலைகள் வரை நோயாளியே சொல்லி, எவ்வளவு செய்ய முடிகிறது, எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் தருவார். 2 புள்ளி மாற்றத்தைப் பொருட்படுத்தத்தக்கது என்று கொள்வது வழக்கம். மறுமுறை கேட்கும்போதும் அவர் முதலில் சொன்ன அதே வேலைகளைத்தான் கேட்க வேண்டும். 'குளிக்க' என்றவரிடம் ஆறு வாரம் கழித்து 'சமைக்க' பற்றிக் கேட்டுவிட்டு இரண்டையும் கழிக்க முடியாது.