லோக்கல் போலீஸ் பிடித்தால் ஐஸ் வருமா? – கேள்வி பதில்

டாலஸ்: ஸ்பீடிங் டிக்கெட் வாங்கிவிட்டேன். ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஐஸுக்கு (அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) தகவல் போயிருக்குமா?

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், கைரேகை எடுக்கவில்லை; அதனால் தகவல் போயிருக்க வாய்ப்பு குறைவு. அபராதத்தைக் கட்டிவிட்டுத் தூங்குங்கள்.

எடிசன்: நியூ ஜெர்சி போலீஸ் ஐஸுக்கு உதவாது என்றார்களே? கடையில் செல்ஃப் செக்கவுட்டில் இரண்டு சாமானை ஸ்கேன் பண்ணாமல் விட்டதாக மச்சானைப் பிடித்தார்கள். ஐஸுக்கு எப்படித் தெரிந்தது?

கைரேகை எடுத்தார்கள் இல்லையா, அதில்தான். பழைய வழக்கு இருக்கிறதா என்று பார்க்க ரேகை எஃப்பிஐக்குப் போகும். அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகும். 2008-இல் தொடங்கிய ஏற்பாடு இது. உள்ளூர் ஸ்டேஷன் நினைத்தாலும் நிறுத்த முடியாது.

நியூ ஜெர்சியின் 2018 உத்தரவு கட்டுப்படுத்துவது அதற்குப் பிந்தைய கட்டத்தை. 'விடுதலை நேரம் ஆன பிறகும் 48 மணி நேரம் வைத்திருங்கள்' என்று ஐஸ் ஒரு தாள் அனுப்பும். அது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல என்று உங்கள் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. கூடவே வரும் 'வாரண்டின்' அடியில் பாருங்கள்: நீதிபதி கையெழுத்து இருக்காது, குடியேற்ற அதிகாரியின் கையெழுத்துதான்.

மச்சானிடம் சொல்லுங்கள்: 'சின்ன கேஸ், ஒப்புக்கொண்டால் முடிந்துவிடும்' என்று யார் சொன்னாலும், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. திருட்டு என்று பதிவானால் விசாவையே தின்றுவிடலாம்.

ஆஸ்டின்: மத்திய சட்டத்துக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்று ஒரு நகரம் சொல்வது சட்டமீறல் இல்லையா?

இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 1997 பிரின்ட்ஸ் தீர்ப்பைப் படியுங்கள். துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை நீங்களே விசாரியுங்கள் என்று மத்திய அரசு சொன்னபோது, மொன்டானா ஷெரிஃப் ஒருவர் முடியாது என்றார், ஜெயித்தார்.

ஆஸ்டின் (மறுபடி): துப்பாக்கிக்கும் குடியேற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

மாநில அதிகாரிகளை மத்திய அரசு வேலை ஏவ முடியாது என்பதுதான் தீர்ப்பு. எந்த வேலை என்பது இரண்டாம் பட்சம். தீர்ப்பை எழுதியவர் ஸ்கேலியா, வலதுசாரிகள் கொண்டாடும் நீதிபதி. இன்று இடதுசாரி நகரங்கள் அந்தக் குடைக்குள்தான் நிற்கின்றன! ஐஸ் வேலையை உள்ளூர் போலீஸே செய்ய வழிவிடும் 287(ஜி) ஒப்பந்தத்தையும், 1996 சட்டப்படி, மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது. மாநில அரசால் முடியும். உங்கள் டெக்சாஸ் 2017-இல் எஸ்பி4 என்ற சட்டம் போட்டு நகரங்களின் கையைக் கட்டியதே, அந்த வழியில்.

ஆஸ்டின் (மூன்றாம் முறை): அப்படியென்றால்…

போதும், தம்பி. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஃப்ரிஸ்கோ: நானும் ஸ்பீடிங் டிக்கெட்…

டாலஸ்காரருக்குச் சொன்னதுதான்.

சார்லட்: எஃப்1 மாணவர் விசாவில் இருக்கும் பையன், பார்ட்டியில் கைகலப்பு. கைரேகை எடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள்…

கைரேகை விழுந்தால் தகவல் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் வழக்கறிஞர். எடிசன் பதிலைப் படியுங்கள்.

சான் ஹோசே: விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மா வாக்கிங் போகும்போது கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) பிரிண்ட். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர்கள் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அப்பாவின் சட்டைப் பையில் மடித்து வையுங்கள். அம்மாவுடையதை அம்மாவிடமே கொடுங்கள், இரண்டையும் அப்பாவிடம் கொடுக்காதீர்கள்.