சட்டம் படிப்போர் கேள்விகள்: விடுவிப்பு வேறு, விடுதலை வேறு

இந்த இதழில், சட்டக் கல்லூரியில் அண்மையில் சேர்ந்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மட்டும் பதில் அளிக்கப்படுகிறது. பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டிருப்பதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்திற்குப் பயிற்சிக்குச் சென்றபோது, எதிர்த்தரப்பில் இருப்பவரை ஒரு வழக்குக் கட்டில் ‘பிரதிவாதி’ என்றும், மற்றொன்றில் ‘எதிர்மனுதாரர்’ என்றும், காவல் நிலைய ஆவணத்தில் ‘எதிரி’ என்றும் எழுதியிருந்ததைக் கண்டேன். விசாரணை முடிவதற்கு முன்பே ஒருவரை எதிரி என்று அழைப்பது முறையாகுமா?
– முதலாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: இந்தப் பெயர்கள், ஒருவர் எந்த நடவடிக்கையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மாறுபவை. உரிமையியல் வழக்கில் வழக்குரையைத் தாக்கல் செய்பவர் வாதி. அதற்கு எதிருரை தாக்கல் செய்பவர் பிரதிவாதி. வழக்குரையைப் பழைய குமாஸ்தாக்கள் இன்றும் ‘பிராது’ என்றே சொல்வார்கள். அதே வழக்கினுள் இடைக்காலத் தடை கேட்டு வாதி ஒரு மனுப் போட்டால், அந்த மனுவைப் பொறுத்தவரை அவர் மனுதாரர், பிரதிவாதி எதிர்மனுதாரர். வழக்கில் தோற்ற பிரதிவாதி மேல்முறையீடு செய்தால் அவர் மேல்முறையீட்டாளர் ஆகிவிடுவார். வென்ற வாதி எதிர்த்தரப்புக்குப் போய்விடுவார். இந்தக் குழப்பம் நீதிபதிகளுக்கும் தெரியும் என்பதால்தான், மேல்முறையீட்டுத் தீர்ப்புகளின் தொடக்கத்தில், ‘தரப்பினர் விசாரணை நீதிமன்றத்தில் இருந்த வரிசைப்படியே இங்கும் குறிப்பிடப்படுகிறார்கள்’ என்ற வாக்கியத்தை அடிக்கடி காண்கிறோம்.

‘எதிரி’ என்பது தமிழ்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்கும் வழக்குச் சொல். எதிர்த்தரப்பில் நிற்பவர் என்பதற்கு மேல் அதற்குச் சட்டப் பொருள் கிடையாது. ஆனாலும் பேச்சுத் தமிழில் அச்சொல்லுக்குப் பகை என்னும் நிழல் இருப்பதால், உங்கள் தயக்கம் நியாயமானதே. ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று நீட்டி எழுதுவதையே நானும் விரும்புகிறேன். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக நீதிமன்றம் முடிவு செய்த பிறகே ஒருவரைக் ‘குற்றவாளி’ என்று எழுத வேண்டும். செய்தித்தாள்கள் இந்த எல்லையை நாள்தோறும் மீறுகின்றன என்பது நீங்கள் மீறுவதற்குக் காரணமாகாது. கூடவே, தமிழில் எழுதப்பட்ட தீர்ப்புகளில் ‘அ.சா.1’ என்றிருந்தால் அரசுத் தரப்பின் முதல் சாட்சி என்றும், ‘வா.சா.1’ என்றிருந்தால் வாதி தரப்பின் முதல் சாட்சி என்றும் வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீர்ப்பு, தீர்ப்பாணை, உத்தரவு ஆகிய மூன்றும் ஒரே பொருளைத்தானே தருகின்றன? தேர்வில் இவற்றை வேறுபடுத்திக் கேட்பதன் பயன் என்ன?
– மாணவர், மதுரை

பதில்: பயன் மிகப் பெரியது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தனது 2ஆம் பிரிவிலேயே மூன்றையும் தனித்தனியாக வரையறுத்துவிடுகிறது. எந்தக் காரணங்களால் இந்த முடிவுக்கு வந்தேன் என்று நீதிபதி எழுதுவது தீர்ப்பு. அந்த முடிவின்படி யாருக்கு என்ன உரிமை என்பதை அறுதியாகவும் முறைப்படியும் வெளிப்படுத்துவது தீர்ப்பாணை. தீர்ப்பாணையாகாத, முறைப்படியான மற்ற முடிவுகளெல்லாம் உத்தரவு. தீர்ப்பு நாற்பது பக்கம் இருக்கலாம். தீர்ப்பாணை பெரும்பாலும் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் வென்றவர் நிறைவேற்று மனுவைத் தாக்கல் செய்வது அந்த இரண்டு பக்கத்தை வைத்துத்தான். மேல்முறையீடும் தீர்ப்பாணையை எதிர்த்தே செய்யப்படுகிறது. பொதுவாகத் தீர்ப்பாணை எதுவாயினும் 96ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு உண்டு. உத்தரவாக இருந்தாலோ, 104ஆம் பிரிவும் 43ஆம் கட்டளையும் பட்டியலிட்டுள்ளவற்றுக்கு மட்டுமே உண்டு. ஆகவே கையில் இருக்கும் தாள் எந்த வகை என்று தெரியாத வழக்கறிஞர், மேல்முறையீட்டின் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்.

பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். தந்தை விட்டுச் சென்ற மூன்று ஏக்கர் நிலத்தில் பங்கு கேட்டு ஒரு தங்கை, தன் இரண்டு அண்ணன்கள்மீது வழக்குத் தொடுக்கிறார் என்று கொள்வோம். அவருக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று நீதிமன்றம் சொல்வது முதல்நிலைத் தீர்ப்பாணை. அதை வாங்கியவுடன் வழக்கு முடிந்துவிட்டதென்று எண்ணிக் குடும்பத்தார் இனிப்பு வழங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் எந்த ஒரு ஏக்கர் அவருடையது, கிணறு யார் பக்கம், வண்டிப்பாதை எங்கே என்பவையெல்லாம் இனிமேல்தான் முடிவாக வேண்டும். அதற்காக அவர் இறுதித் தீர்ப்பாணை கேட்டு மனுச் செய்ய வேண்டும். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் நில அளவருடன் சென்று அளந்து, வரைபடத்துடன் அறிக்கை தருவார். அதன்மீது ஆட்சேபங்களைக் கேட்ட பின்பே இறுதித் தீர்ப்பாணை பிறக்கும். இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. முதல்நிலைத் தீர்ப்பாணையை எதிர்த்து மேல்முறையீடு செய்யாமல் விட்டுவிட்ட அண்ணன், பிறகு இறுதித் தீர்ப்பாணையை எதிர்க்கும்போது ‘தங்கைக்குப் பங்கே கிடையாது’ என்று வாதிட முடியாதபடி 97ஆம் பிரிவு தடுக்கிறது.

கேள்வி: ‘ஜாமீனில் விடுதலை’, ‘வழக்கிலிருந்து விடுவிப்பு’, ‘நிரபராதி என விடுதலை’ என்று செய்திகளில் படிக்கிறேன். மூன்றிலும் அந்த நபர் வெளியே வந்துவிடுகிறார் அல்லவா?
– மாணவி, திருச்சி

பதில்: வெளியே வருகிறார் என்பது சரி, வழக்கு அவருடன் எவ்வளவு தூரம் வருகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

பிணை என்பதில் வழக்கு அப்படியே உயிருடன் இருக்கும். அழைக்கும்போது ஆஜராவேன் என்ற உறுதியின்பேரில் காவலிலிருந்து ஒருவரை அனுப்பிவைக்கிறார்கள், அவ்வளவே. ஜாமீன் என்பதும் இதுவே. வக்காலத்து, வாய்தா, ஜப்தி, அமீனா போன்று, பாரசீக மொழி ஆட்சிமொழியாக இருந்த காலத்திலிருந்து நம் நீதிமன்ற வராந்தாக்களில் தங்கிவிட்ட சொல் அது. பிணையைப் பற்றிப் படிக்கும்போது மாணவர்கள் இரண்டு பாகுபாடுகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிடியாணை இல்லாமல் காவல்துறை கைது செய்யலாமா என்பது ஒரு பாகுபாடு. பிணையை உரிமையாகக் கேட்க முடியுமா, அல்லது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டதா என்பது மற்றொரு பாகுபாடு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற குற்றத்தில் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஆயினும் அது பிணையில் விடத்தக்க குற்றமே. குற்றப்பத்திரிகையை உரிய காலத்திற்குள் தாக்கல் செய்யத் தவறினால், குற்றத்தின் கடுமையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குப் பின் பிணை கேட்கும் உரிமை பிறக்கும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விடுவிப்பு என்பது விசாரணைக்கு முந்தைய கட்டம். ஆவணங்களைப் பார்த்த நீதிமன்றம், குற்றச்சாட்டு வனைவதற்கே போதிய முகாந்திரம் இல்லை என்று கருதினால் அவரை விடுவிக்கும். விடுதலை என்பது சாட்சிகளை விசாரித்து, வாதங்களைக் கேட்டபின் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்வது. ஒரே குற்றத்திற்காக ஒருவரை இரண்டாம் முறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு விடுதலை பெற்றவருக்கு உண்டு, விடுவிக்கப்பட்டவருக்கு இல்லை. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337ஆம் பிரிவு, விடுவிப்பு விடுதலையாகாது என்று விளக்கமாகவே சொல்லிவிடுகிறது. புதிய சான்று கிடைத்தால் விடுவிக்கப்பட்டவர்மீது மீண்டும் நடவடிக்கை வரக்கூடும். தமிழில் இந்த இரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்து ஒன்றுபோல் ஒலிப்பதால், விடைத்தாளில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் எழுதும் பிழை மிகுதியாக நேர்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு விபத்து வழக்கில் ஓட்டுநர் குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையானார். ஆனால் அதே விபத்துக்கு அவர்மீது கவனக்குறைவு இருந்ததாகக் கூறி, இறந்தவரின் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கப்பட்டது. இரண்டில் ஒன்று தவறான தீர்ப்புதானே?
– மாணவர், தருமபுரி

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் இரண்டு மன்றங்களும் வெவ்வேறு அளவுகோலை வைத்துக்கொண்டு அளக்கின்றன. ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், அரசுத் தரப்பு தன் வழக்கை நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். ஓட்டுநர் தன் பங்குக்கு எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்ட சாட்சி பிறழ்சாட்சியாகிவிட்டாலோ, வண்டியை ஓட்டியவர் இவர்தான் என்று அடையாளம் காட்ட ஆளில்லாமல் போனாலோ, சந்தேகத்தின் பலன் அவருக்கே போகும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமோ, நடந்திருக்கக்கூடியது எது என்று பார்த்து, தராசு எந்தப் பக்கம் சற்றே தாழ்கிறதோ அந்தப் பக்கம் முடிவு செய்யும். இழப்பீட்டு மனுவில் சந்தேகத்திற்கு இடமில்லாத அளவுக்கு நிரூபணம் கேட்கக் கூடாது என்று 2009இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ‘குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை’ என்ற சொற்றொடரை ‘அவர் அதைச் செய்யவில்லை’ என்று வாசிப்பதால்தான் உங்களுக்கு முரண்பாடு தோன்றுகிறது.

கேள்வி: ஒரு தீர்ப்பில் எது பிற்கால வழக்குகளைக் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரேஷியோ, ஓபிட்டர் என்று வகுப்பில் சொன்னது புரியவில்லை.
– மாணவர், கோவை

பதில்: உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் இது முதல் வாசிப்பில் புரிவதில்லை. ரேஷியோ டெசிடென்டை என்பதை ‘முடிவுக்கு ஆதாரமான காரணம்’ என்றும், ஓபிட்டர் டிக்டா என்பதைப் ‘போகிற போக்கில் சொன்ன கருத்து’ என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னது கட்டுப்படுத்தும், பின்னதற்கு மதிப்பு உண்டு, கட்டாயம் இல்லை.

நீங்கள் தீங்கியல் வகுப்பில் படிக்கப்போகும் டோனஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கையே சோதனைக்கு எடுக்கலாம். 1928 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கித்தந்த இஞ்சிப் பானத்தைக் குடித்த பெண்மணி, உட்புறம் தெரியாத அந்தப் புட்டியிலிருந்து அழுகிய நத்தை வெளிப்பட்டதாகவும், தாம் நோயுற்றதாகவும் கூறி, தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தார். பானத்துக்குப் பணம் கொடுத்தவர் தோழி என்பதால், இவருக்கு யாருடனும் ஒப்பந்தம் கிடையாது. 1932இல், அப்போது பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, மூவர் இருவர் என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இடையில் பரிசோதிக்க வாய்ப்பில்லாத நிலையில் நுகர்வோரைச் சென்றடையும் பொருளைச் செய்பவருக்கு, அந்த நுகர்வோரிடம் கவனமாக இருக்கும் கடமை உண்டு என்பது அவ்வழக்கின் முடிவைத் தாங்கி நிற்கும் காரணம். அதே தீர்ப்பில், நீதிபதிகளுள் ஒருவரான அட்கின் பிரபு, நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நாம் நினைத்துப் பார்க்க வேண்டிய எவரும் சட்டத்தின் பார்வையில் நம் ‘அயலார்’ என்றார். அந்த முடிவுக்கு இவ்வளவு அகலமான கூற்று தேவைப்படவில்லை. பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்தது என்னவோ அந்தக் கூற்றுதான். ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டாலும் தீர்ப்பின் முடிவு நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். நின்றால், நீக்கியது பெரும்பாலும் ஓபிட்டர். வேடிக்கை என்னவென்றால், சட்டப் பிரச்சினை தீர்ந்தபின் சான்று விசாரணைக்கு முன்பே வழக்கு சமரசமாகிவிட்டதால், புட்டியில் நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவேயில்லை.

கேள்வி: புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தை இனியும் படிக்க வேண்டுமா?
– மாணவி, சேலம்

பதில்: படிக்க வேண்டும். அதற்குப் பதிலான பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும், ஏனெனில் குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தின்படியே தண்டிக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 20ஆம் உறுப்பு தரும் உத்தரவாதம். முன் தீர்ப்புகளெல்லாமும் பழைய பிரிவு எண்களிலேயே இருக்கின்றன. பழைய சட்டத்தின் 420ஆம் பிரிவை வைத்து ஏமாற்றுக்காரரை ‘ஃபோர் ட்வென்டி’ என்று ஏசும் வழக்கம்தான் ஆதாரத்தை இழந்துவிட்டது: மோசடி இப்போது 318ஆம் பிரிவில் இருக்கிறது, புதிய சட்டமோ 358ஆம் பிரிவோடு முடிந்துவிடுகிறது.

கேள்வி: புரோநோட்டுக்கு மூன்று ஆண்டு கடந்துவிட்டால் கடனே இல்லாமல் போய்விடுமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: கடன் இருக்கும், அதை வழக்குப் போட்டு வசூலிக்கும் வழி அடைபட்டுவிடும். காலவரம்புச் சட்டம், 1963இன் 3ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்ய வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கோரும் 5ஆம் பிரிவு மேல்முறையீடுகளுக்கும் மனுக்களுக்கும் உரியது. அசல் வழக்குக்கு உதவாது. காலம் கடந்த பின்னும் கடனாளி தாமாக எழுதிக் கையொப்பமிட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அது செல்லும். வாய்மொழியாகச் சொன்னால் செல்லாது. ஆனால் அதுவரை காத்திருக்கத் துணிகிற, கடன் கொடுத்தவர்கள் குறைவு. மூன்று ஆண்டு நிறைவதற்கு முன்பே ஒரு நூறு ரூபாயாவது கொடுக்கச் சொல்லி, புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்களே, காலவரம்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படித்தான் கிராமங்களில் நடைமுறையில் இருக்கிறது: அந்த நூறு ரூபாய் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக எண்ணப்படும்.